அமாவாசையில் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

அம்மையார்குப்பத்தில் இறங்கி வள்ளிநாயகி வீடு எது என்று கேட்டால், "ஆங், டிசைன் போடற அம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் அந்தத் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் இருந்த வேலை இரண்டு வருஷம் பறிபோனதே, அதற்குக் காரணம் யார் என்பது முதலில் தெரிந்தவன் நான்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சாய்ராம். திருத்தணிக்காரன். அப்பா சேஷகிரிக்கு மலைக்கோவில் மடைப்பள்ளியில் வேலை. தாத்தாவுக்கும் அங்கேதான். எனக்கு அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, அரக்கோணத்தில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். அந்தக் காலத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எல்லோரும் எஞ்சினியர்தான். நானும் எஞ்சினியர் ஆகி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேடியப்பன் நடத்திவந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். கடையில் உதிரி பாகம் வாங்கிப் பூட்டி விற்பார்கள். ஒரு வருஷம் வாரண்டி. வாரண்டி என்றால், கெட்டுப்போனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்று அர்த்தம். சரியாகும் என்று அர்த்தம் இல்லை.

வள்ளிநாயகி அக்காவின் வீட்டில் ஆறு பவர்லூம். கணவர் தணிகைமணி தறியைப் பார்த்துக்கொள்வார். அவருடைய அண்ணன் வரதராஜன் வியாபாரிகளைப் பார்த்துக்கொள்வார். சேலை பார்டருக்கு டிசைன் போடுவது அக்கா. கட்டம் போட்ட பெரிய தாளில், ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று கணக்கு வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள், அட்டை தறிமேல் ஏறும், பூவோ மயிலோ சேலையில் இறங்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினைந்து வருஷமாக அக்கா இதைச் செய்துகொண்டிருந்தார். ஒரு டிசைன் முடிய பத்து நாள் ஆகும். பொதட்டூர்பேட்டையில் ஒருவர் அதையே கம்ப்யூட்டரில் இரண்டு நாளில் முடிக்கிறார் என்று வியாபாரிகள் சொல்ல ஆரம்பித்தபோது, அக்கா கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றார்.

வரதராஜன் உடனே தலையாட்டிவிடவில்லை. "ஒரு வருஷம் பாக்கலாம். அதுல வேல ஒழுங்கா நடந்தா சரி. இல்லனா டிசைனுக்கு வெளியாள வெச்சிக்கலாம், நீ தறிப்பக்கம் வந்துடு" என்றார். அக்கா சரி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷமும் என் வாரண்டி வருஷமும் ஒன்றுதான்.

2004-இல், தை அமாவாசை அன்று கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டார்கள். மாதத்தில் அக்காவுக்குக் கை ஒழிந்த நாள் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால், நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது, குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றுவது என்று ஓடிக்கொண்டே இருப்பார். நடுநடுவே கிடைக்கும் நேரத்தில்தான் டிசைன். அதனால் அமாவாசைக்கு வா என்றார், போனேன். மானிட்டருக்கு மஞ்சள், குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டர், மானிட்டர், கரண்ட் போனாலும் பத்து நிமிஷம் தாங்கும் யூ.பி.எஸ். என்று எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருந்தபோது, இலை போட்டாச்சு என்று கூப்பிட்டார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டிக் காட்டினேன். அருமையாக ஓடியது. ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாளே போன் வந்தது.

"தம்பி, அது தானா அணையுது, தானா எழுந்துக்குது. போட்டதெல்லாம் போச்சு."

"ஸ்விட்ச்ச தட்டியிருப்பீங்கக்கா."

"நான் தொடவே இல்லப்பா."

எப்போது வரட்டும் என்று கேட்டேன். அமாவாசைக்கு வா என்றார். போனேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு முறைகூட அணையவில்லை. சும்மா வந்தேன் என்று இருக்கக் கூடாதே என்று ராம் என்ற மெமரித் துண்டைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எங்கள் தொழிலில் பாதி நோய்க்கு அதுதான் மருந்து. 'குறை எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தேன். மறுநாள் காலையில் மூன்று முறை அணைந்தது என்று போன்.

இப்படியே மாசி, பங்குனி, சித்திரை போனது. ஒரு அமாவாசைக்கு ஒயர் மாற்றினேன். இன்னொரு அமாவாசைக்கு வைரஸாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அந்த அழிப்பில் அக்கா எப்படியோ காப்பாற்றி வைத்திருந்த இரண்டு டிசைனும் போனது. "அடிக்கடி சேவ் பண்ணிக்கினே இருங்கக்கா" என்று புத்தி சொன்னேன். இருபது கட்டத்துக்கு ஒரு முறை சேவ் செய்துகொண்டு யாராவது மயில் வரைய முடியுமா என்று நான் யோசிக்கவில்லை. வாங்கியவர் தப்பாகத்தான் பயன்படுத்துவார் என்பது எங்கள் கடையின் உறுதியான நம்பிக்கை. போன் அடித்தாலே வேடியப்பன், "டேய், உன் அமாவாசை அம்மாடா" என்று ரிசீவரை நீட்டுவார். நானும் சிரிப்பேன்.

அமாவாசைக்கு மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்பதை அந்த வீட்டிலும் எல்லோரும் கவனித்திருந்தார்கள். வரதராஜனின் மனைவி பார்வதம், இது கரண்ட் சமாச்சாரம் இல்லை, வேறு ஏதோ சமாச்சாரம் என்று சொல்லி, மானிட்டர்மேல் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த முறை நான் போனபோது பழம் காய்ந்து போயிருந்தது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடியது. பழத்தால்தான் என்றார் பார்வதம். நான் படித்தவன் என்பதால் அதற்கும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மாளாவது அமாவாசைக்கு ஒரு காரணம் தேடினார். நான் அதையும் செய்யவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது வள்ளிநாயகி அக்காதான். மார்கழியில் நூல் விலை ஏறியதை எதிர்த்து ஊர் முழுக்க ஒரு வாரம் தறியை நிறுத்தினார்கள். அந்த ஏழு நாளும் கம்ப்யூட்டர் அணையவே இல்லை. ஒரு டிசைனை முழுசாக முடித்தார். எட்டாம் நாள் தறி ஓட ஆரம்பித்த அஞ்சாவது நிமிஷம் அணைந்தது. அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் அணைந்த நேரத்தை, அன்றன்றைக்குக் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். பதினொரு மாதத் தாளையும் எடுத்துப் பரப்பிப் பார்த்திருக்கிறார். ஆறு பத்து, பதினொன்று இருபது, ரெண்டு அஞ்சு. எல்லாம் தெருவில் தறிகள் ஒன்றாகக் கிளம்புகிற நேரம்.

"தம்பி, தறி ஓடுனாதான் அது படுத்துக்குது. அமாவாசைக்கு வராத. தறி ஓடற நாளா வா" என்றார் போனில். வாரண்டி முடிய நான்கு நாள் இருந்தது.

போனேன். தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. பதினொரு மணிக்கு டீக்கு நிறுத்தினார்கள். பதினொன்றே காலுக்குத் தெரு முழுக்கத் தறி கிளம்பியது. பல்பு மங்கியது. ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது. நான் ஸ்கிரீனைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்குமுன் என் வேலையில் பார்த்ததில்லை. பதினொரு மாதமாக அவர் சொன்னது பொய்யில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

வோல்டேஜ் இறங்குகிறது. இறங்கினால் தாங்கத்தானே யூ.பி.எஸ். கொடுத்தோம், அது ஏன் தாங்கவில்லை என்று அதைத் திறந்தேன். உள்ளே பேட்டரியின் சிவப்பு ஒயர் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர் முனையில் கம்பெனியின் மஞ்சள் சீட்டு கட்டியிருந்தது. ஓட்டுவதற்கு முன் இதைப் பூட்டவும் என்று அதில் அச்சடித்திருந்தது. வழியில் ஆபத்து வேண்டாம் என்று கம்பெனியில் அப்படித்தான் அனுப்புவார்கள், கொண்டுவைப்பவன் பூட்ட வேண்டும். கொண்டுவைத்தவன் நான். இலை போட்டாச்சு என்று கூப்பிட்டபோது பாதியில் எழுந்து போனவன். திரும்பி வந்து, மூடியிருந்த பெட்டியைப் பார்த்து, எல்லாம் பூட்டியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். அமாவாசைகளில் கரண்ட் சீராக இருந்ததால் பேட்டரியை யாரும் தேடவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. முந்தின மாதம்தான் ஒரு மானிட்டரை உடைத்த பையனை வேடியப்பன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சீட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒயரைப் பூட்டினேன்.

"இன்னா தம்பி அது?"

"ஒயர் லூஸ்க்கா. சரி பண்ணிட்டேன்."

"தானா கழண்டுச்சா?"

"ஆங்."

காபி கொடுத்தார். குடித்துவிட்டு ரிப்போர்ட் எழுதினேன். 'வாடிக்கையாளர் கையாண்ட விதத்தில் யூ.பி.எஸ். ஒயர் கழன்றிருந்தது. சரிசெய்யப்பட்டது.' எல்லாம் ஆங்கிலத்தில். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒரு தாள் அவருக்கு, ஒரு தாள் கடைக்கு.

இரண்டு நாள் கழித்து வரதராஜன் கடைக்குப் போன் செய்தார். ஒரு வருஷம் ஓடாத பெட்டிக்கு இன்னொரு வருஷம் வாரண்டி கொடு என்று கேட்டார். கேட்டது நியாயம். வேடியப்பன் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்துக் காட்டி, "உங்க வீட்லதாங்க கழட்டியிருக்காங்க, நாங்க இன்னா பண்றது?" என்றார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருஷக் கெடு முடிந்திருந்தது. வரதராஜன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொதட்டூர்பேட்டையிலிருந்து கண்ணையன் என்று ஒருவரை டிசைனுக்கு வைத்தார். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் பூட்டு வாங்கி, சாவியைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடியது. அக்கா தறிப்பக்கம் போனார். இதையெல்லாம் வேடியப்பன் தமாஷாகச் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அம்மையார்குப்பம் பக்கம் ஏதாவது வேலை வந்தால், வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவேன்.

2007-இல் கண்ணையன் பெங்களூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் அக்காவையே திரும்ப உட்காரவைத்தார்கள். காலையில் வரதராஜன் அறையைத் திறந்துவிடுவார், சாயங்காலம் பூட்டிக்கொள்வார். இவர் கையாண்டால் கழன்றுவிடும் என்றுதான் எழுத்தில் இருக்கிறதே. அந்த அறையில் உட்கார்ந்து அக்கா போட்ட பார்டர்கள் நன்றாக விற்றன. சென்னை வியாபாரிகள் அவரைப் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

2009-இல் நான் திருத்தணியிலேயே சின்னதாகச் சொந்தக் கடை போட்டிருந்தேன். ஒரு நாள் போன் வந்தது.

"வள்ளிநாயகி பேசறேன். ஒரு வேல கீது. தறி ஓடற நாளா பாத்து வா."

ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனாலும் போனேன்.

இந்த முறை இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டு. சென்னைக்கு டிசைன் அனுப்புவதற்காக, விரல் நீளத்துக்கு ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று சொல்லி விற்றுவிட்டுப் போனவன், பில் வந்ததிலிருந்து போனை எடுக்கவில்லை. பில்லில் ஆந்திராவில் இருந்து பயன்படுத்தியதாகச் சொல்லி மூன்று மடங்கு போட்டிருந்தார்கள். ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது. அந்த அறையின் ஜன்னல் பக்கம் ஆந்திரா டவர்தான் பலமாக எடுக்கும். கார்டு எது பலமோ அதைப் பிடித்துக்கொள்ளும், எந்த மாநிலம் என்று பார்க்காது. மாநிலம் பார்ப்பது பில் போடுபவன்.

"கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு, நீங்க அந்தத் தேதியில ஆந்திராவுல இருந்திருக்கீங்க மேடம்னு சொல்லுது" என்றார் அக்கா. "டேபிளு, மானிட்டரு, யூ.பி.எஸ்ஸு எல்லாம் தூக்கிகினு பஸ் ஏறுனேனாம்மான்னு கேட்டேன். வேற ஆளுக்கு லைன் குடுத்துச்சு. அவன் தெலுங்குல பேசறான். நானும் தெலுங்குலயே, நைனா, இது டேபிள் மேல வெக்கற பொட்டின்னு சொன்னேன். நல்லா தெலுங்கு பேசறீங்களே மேடம்ங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

கடைசியில், இந்தக் கம்ப்யூட்டர் இந்த இடத்தை விட்டு நகராதது என்று ஓர் எஞ்சினியர் எழுதிக்கொடுத்தால் பரிசீலிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவர்கள் எதையும் பரிசீலிக்கவில்லை.

என் கடை லெட்டர்பேடை எடுத்தேன். அக்கா அலமாரியிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து அதன்மேல் வைத்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டிய தாள். என் கையெழுத்து.

"மொதல்ல இத சரியா எழுது. அப்புறம் அத எழுதலாம்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழாத மாதிரி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அது செல்லாது என்று எனக்கே தெரிந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்க்கா?"

"நீ பொட்டியத் தொறந்தியே, அன்னிக்கே. ஒயர்ல மஞ்ச சீட்டு தொங்கிகினு இருந்துச்சு. கம்பெனி சீட்டு. நான் கழட்டியிருந்தா சீட்டு எப்பிடிப்பா இருக்கும்? நீ அத பாக்கெட்டுல போட்டுக்கினதயும் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"காபி குடிச்சிட்டு நீயே சொல்லுவன்னு இருந்தேன். நீ எழுதிக் குடுத்த, கையெழுத்துப் போட்டேன். அதுல நீ இன்னா எழுதுனன்னு பாவா வந்து சொன்னப்புறம்தான் தெரியும்." பாவா என்றது வரதராஜனை.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமே, நான்தான்னு."

"சொல்லாம இருப்பனா? எழுத்துல வேற மாதிரி கீதேன்னாரு. எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னாருன்னு பார்வதக்கா சொல்லுச்சு. எழுத்துக்கு முன்னாடி நான் இன்னா சொல்லி இன்னா?"

அதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதற்கு அவர் ஏதாவது சொல்லி, முடிந்திருக்கும். அவர் பேனா மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்திவைத்தார்.

பழைய தாளின் அடியில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை எழுதியதும் கையை நீட்டி நிறுத்தினார்.

"தமிழ்ல. பாவா படிக்கணும்."

அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். 'இந்த யூ.பி.எஸ்ஸில் பேட்டரி ஒயரை முதல் நாளே பூட்டியிருக்க வேண்டியது நான். பூட்டவில்லை. இந்த வீட்டில் யாரும் அதைக் கழற்றவில்லை. மேலே எழுதியிருப்பது பொய். சாய்ராம்.' தேதி போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தமிழில் எழுதிய நீளமான விஷயம் அதுதான்.

அக்கா அதை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பிறகு தறிக் கொட்டகைப் பக்கம் போய்க் கூப்பிட்டார். வரதராஜன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். நின்றபடியே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அக்காவையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பி, அந்த அறைச் சாவியைத் தனியாகக் கழற்றிக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். தறிப்பக்கம் போனார்.

அக்கா சாவியை எடுத்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆங், இப்ப ஆந்திரா விஷயத்த எழுது" என்றார்.